தோர்டிஸின் குளியலறை பீர்

எங்கள் கட்டடத்துக் குளியலறைகளுக்கெல்லாம் சேர்த்து ஒரே காற்றுக்குழாய்தான். யார் இருமுகிறார்கள், யார் பாடுகிறார்கள் என்பதெல்லாம் மூன்று மாடிக்கும் தெரியும். அக்டோபர் கடைசியில் ஒரு ஞாயிறு மதியம் அந்தக் குழாய் வழியாக ஓர் அலறல் வந்தது. நான் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடிப்போய் எதிர்வீட்டுக் கதவைத் தட்டினேன். ஆர்ன்ஃபின் ஊன்றுகோலோடு வந்து திறந்தார்.

"ஒண்ணுமில்ல குன்வோர். ஈஸ்ட் போட்டா, அவ்வளவுதான்."

அப்படியா என்று திரும்பிவிட்டேன். ஈஸ்டைப் போடும்போது கத்தத்தான் வேண்டும். எவ்வளவு உரக்கக் கத்துகிறோமோ அவ்வளவு தூக்கும் அந்த பீர். கீழ்வீட்டுக்காரர் மட்டும் ஓஸ்லோ பக்கத்திலிருந்து வந்தவர் என்பதால், ஆம்புலன்சைக் கூப்பிடட்டுமா என்று படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

கத்தியவள் தோர்டிஸ். ஆர்ன்ஃபினின் மனைவி, அறுபதைத் தாண்டியவள். மலைகளுக்கு நடுவே புகுந்த கடலான ஃபியர்டைக் கடந்து போய் வரும் காரேற்றும் படகில் கேன்டீன் அவள் பொறுப்பு. இஞ்சின் சத்தத்துக்கு மேல் இத்தனை வருடம் பேசிப் பழகிய குரல் அது. காபி வேண்டுமா என்று அவள் கேட்டால் அக்கரையில் இருப்பவனும் வேண்டும் என்பான். தடித்த தோசை மாதிரி சுட்டு, வெண்ணெயும் சர்க்கரையும் தடவி மடித்துத் தரும் ஸ்வேலேயைத் தின்பதற்காகவே காரணமில்லாமல் அக்கரை போய் வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

அவள் பிறந்தது மேல்பள்ளத்தாக்குப் பண்ணையில். அண்ணன் ஸ்வெய்னுங் மூத்தவர், ஆகவே பண்ணை அவருக்குப் போயிற்று. இங்கே அதுதான் முறை. "அவனுக்கு ஒரு மலையும் எண்பது ஆடும். எனக்கு ஒரு ஜாம் பாட்டில்" என்பாள் தோர்டிஸ். அந்த பாட்டிலுக்குள் இருந்தது வீட்டு ஈஸ்ட். கடையில் விற்கும் ஈஸ்ட் இருபது டிகிரியில் சௌகரியமாக வேலை செய்து, முப்பதைத் தாண்டினால் கெட்ட வாடை கிளப்பும். எங்கள் பக்கத்து ஈஸ்டுக்குக் கறந்த பால் சூடு வேண்டும். முப்பத்தேழில் போட்டு, அந்தச் சூடு குறையாமல் பார்த்துக்கொண்டால் இரண்டே நாளில் பீர் தயார். ஆறவிட்டால் தூங்கிவிடும். ஆகவே பீர் காய்ச்சுவது என்பது இங்கே பாதி வேலைதான். மீதிப் பாதி போர்வை போர்த்துவது.

கல்யாணமாகி வந்தபோது தோர்டிஸ் அந்த பாட்டிலைக் கைப்பையில் வைத்துக்கொண்டு வந்தாள். நடுவில் ஒருமுறை மின்சாரம் போய் ஃப்ரீசர் உருகி ஈஸ்ட் கெட்டுவிட்டது. அண்ணனிடம் போய் ஒரு ஸ்பூன் வாங்கி வந்தாள். அந்த ஒரு ஸ்பூனை ஸ்வெய்னுங் மறக்கவில்லை, ஊரையும் மறக்கவிடவில்லை.

தோர்டிஸும் ஆர்ன்ஃபினும் முன்பு மேட்டில் குடியிருந்த வீட்டில் கல் பாவிய நிலவறை ஒன்று உண்டு. பீர்த் தொட்டியை அங்கே புகைபோக்கிச் சுவர் ஓரமாக வைத்து, மூன்று கம்பளிப் போர்வை சுற்றி, மேலே ஓர் ஆட்டுத்தோலைக் கவிழ்த்துவிட்டு அவள் படகுக்குப் போய்விடுவாள். ஒருமுறைகூடத் தப்பியதில்லை. பிறகு ஆர்ன்ஃபினின் இடுப்பு எலும்பு தகராறு செய்தது. பனி அள்ளும் வண்டியில் முப்பது வருடம் குலுங்கியதன் பலன். படி ஏற முடியவில்லை. வீட்டை விற்றுவிட்டுப் படகுத்துறை ஓரமாக எங்கள் கட்டடத்துக்கு வந்தார்கள். லிஃப்ட் உண்டு, நிலவறை இல்லை.

வந்த வருடம் தோர்டிஸ் காய்ச்சவில்லை. கிறிஸ்துமஸுக்குக் கடை பீர் வாங்கி, யாருக்கும் தெரியாமல் ஜாடியில் ஊற்றி வைத்தாள். ஸ்வெய்னுங் ஒரு மடக்குக் குடித்துவிட்டு, "நல்லா சில்லுனு இருக்கு" என்றார். கடை பீர் என்று கண்டுகொண்டேன் என்று அதற்கு அர்த்தம். ஈஸ்டர் வரைக்கும் அவள் அவரோடு பேசவில்லை.

இப்போது மகள் சுன்னிவாவுக்குக் கல்யாணம். வரும் சனிக்கிழமை, ஊர் மன்றத்தில். காய்ச்சுவதற்கு முன்பு ஒருநாள் அவர்கள் சமையலறையில் நடந்த பேச்சின்போது நானும் இருந்தேன்.

"எதுக்கும்மா இழுத்துப் போட்டுக்கிற? ஸ்வெய்னுங் மாமா அவர் நிலவறையில வச்சுக்கச் சொல்றார்" என்றாள் சுன்னிவா.

"அங்க வச்சா அது அவன் பீர்."

"ஈஸ்ட் உன்னோடது, மால்ட் உன்னோடது, காய்ச்சறது நீ."

"எந்த வீட்டுத் தரையில பொங்குதோ அந்த வீட்டு பீர். உனக்குத் தெரியாதா? உன் கல்யாணத்துல நான் அண்ணன் வீட்டு பீரை ஊத்தணுமா?"

"அப்ப கடையில சொல்லிடறேன். மாப்பிள்ளை வீட்டுக்காரங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

"எனக்குத் தெரியும்ல."

கடைசியில் ஓர் உடன்பாடு. கடைக்காரருக்குச் செவ்வாய் சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும். அதற்குள் அம்மாவின் பீர் குடிக்கிற மாதிரி வந்தால் சரி. இல்லாவிட்டால் கடை பீர், அம்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளக் கூடாது.

ஞாயிறு விடியற்காலையிலேயே படகுக் கொட்டகையில் விறகு மூட்டி, ஜூனிபர்க் கிளை போட்ட தண்ணீரில் முளைகட்டி உலர்த்திய பார்லியான மால்டை ஊறவைத்து, வடித்து, காய்ச்சி, பால் கேன்களில் நிரப்பி லிஃப்டில் ஏற்றினாள் தோர்டிஸ். அறுபது லிட்டருக்கு மேல் அந்த வீடு கொள்ளாது. குளியலறையில் ஷவருக்கு அடியில் தொட்டி. தரையில் ஓடுகளுக்குக் கீழே சூடேற்றும் கம்பி ஓடுகிறது, எங்கள் எல்லார் வீட்டிலும் போல. "நிலவறை என்ன பிரமாதம்? இது அதைவிட வெதுவெதுப்பு" என்று சொல்லி, மூன்று கம்பளியையும் சுற்றி, ஆட்டுத்தோலைக் கவிழ்த்தாள். பிறகுதான் அந்த அலறல்.

இருப்பதே ஒரு குளியலறை. ஆகவே திங்கள் காலை ஆர்ன்ஃபின் துண்டோடு என் வீட்டுக்குக் குளிக்க வந்தார். தோர்டிஸ் அதற்கு முன்பே என் வீட்டில் குளித்துவிட்டுப் படகுக்குப் போயிருந்தாள். தொட்டிக்குக் காவல் ஆர்ன்ஃபின். கறி வேக வைக்கும்போது குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டரைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

மதியம் மறுபடி கதவு தட்டப்பட்டது.

"குன்வோர், உனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்ல? இது நாப்பத்தொண்ணா, முப்பத்தொண்ணா?"

"நாப்பத்தொண்ணு."

"எனக்கும் அப்படித்தான் தெரிஞ்சுது. தப்பாப் பார்த்திருக்கணும்னு ஆசைப்பட்டு உன்னைக் கூப்பிட்டேன்."

குளியலறைக் கதவைத் திறந்ததும் முகத்தில் ஆவி அடித்தது. ரொட்டிக் கடையும் ஆரஞ்சுத் தோட்டமும் ஒன்றாகச் சேர்ந்த மாதிரி வாசனை. கம்பளிக்குள் தொட்டி இரைந்துகொண்டிருந்தது. ஆர்ன்ஃபின் கழிப்பறைக் கோப்பையின் மூடி மேல் உட்கார்ந்து, தோர்டிஸுக்குப் போன் போட்டு, எனக்கும் கேட்கிற மாதிரி வைத்தார்.

"எவ்வளவு?" என்றாள் தோர்டிஸ், எடுத்த எடுப்பில்.

"நாப்பத்தொண்ணு."

"நாப்பத்தொண்ணா?" அவள் சொன்னதும் பின்னால் கேன்டீனில் பேச்சு நின்றது. பிறகு ஓர் ஆளின் குரல்: "போர்வையை எடுக்கச் சொல்லு."

இன்னொரு குரல்: "தொடவே கூடாது. எங்க வீட்ல நாப்பத்திரண்டு வரைக்கும் விடுவோம்."

"அதான் உங்க வீட்டு பீர் பெயின்ட் மாதிரி மணக்குது."

"தோர்டிஸ், நான் கேட்ட காபி?"

"நீயே ஊத்திக்கோ. ஆர்ன்ஃபின், ஆட்டுத்தோலை மட்டும் எடு. போர்வை இருக்கட்டும். அரைமணி கழிச்சுப் பார்த்துட்டுச் சொல்லு."

தோலை எடுத்தோம். அரைமணி கழித்து நாற்பத்திரண்டு. போன் போட்டால் மணி அடிக்கவே இல்லை. படகு பாறைமுனைக்குப் பின்னால் போய்விட்டது, அங்கே சிக்னல் கிடையாது. போர்வைகளையும் உருவினோம். இன்னும் ஏறியது. நாற்பத்து மூன்றை நெருங்கியதும் ஆர்ன்ஃபின் எழுந்து நின்றார். அதற்கு மேல் போனால் எங்கள் ஈஸ்டும் தாங்காது என்பது எல்லோருக்கும் தெரியும்.

"உன் வீட்ல ஐஸ் இருக்கா?"

"நாலு கட்டி இருக்கும்."

"நாலு கட்டியை வச்சு என்ன பண்ண, அதுக்கு ஒத்தடமா குடுக்கப் போறோம்?" என்றவர் சமையலறைக்குப் போய் ஃப்ரீசரைத் திறந்தார்.

ஆடு அறுக்கும் காலம் முடிந்த அக்டோபர் கடைசியில் எங்கள் பக்கத்து ஃப்ரீசர்களில் வேறென்ன இருக்கும். ஸ்வெய்னுங் அனுப்பிய ஆட்டுத்தொடைகள், கெட்டிப் பிளாஸ்டிக்கில் காற்றில்லாமல் உறையிட்டு, விறகுக் கட்டை மாதிரி அடுக்கி வைத்திருந்தன. ஆர்ன்ஃபின் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார்.

"தோர்டிஸ் கொன்னுடுவா" என்றேன்.

"ஈஸ்ட் செத்தாலும் கொல்லுவா. கெட்டிலை வை."

உறையின் மேல் கொதிநீரை ஊற்றிக் கழுவி, முதல் தொடையைத் தொட்டிக்குள் இறக்கினோம். நுரை ஒருமுறை திடுக்கிட்டு, பிறகு அதை விழுங்கியது. சூடு இறங்கியது, ஆனால் போதவில்லை. இரண்டாவது. ஜன்னலைத் திறந்தோம், ஈரப்பனி அடித்தது. மூன்றாவது. ஆர்ன்ஃபினுக்கு உற்சாகம் வந்துவிட்டது, நாலாவதையும் இறக்கினார். முள் முப்பத்தெட்டுக்கு வந்ததும் இருவரும் கை குலுக்கிக்கொண்டோம். சமையலறையில் உட்கார்ந்து காபி குடித்தோம். அவர் பனிவண்டி ஓட்டிய நாட்களில் ஒரு பாலத்தை எப்படிக் காப்பாற்றினார் என்ற கதையைச் சொன்னார். கொஞ்சம் நீளமான கதை.

திரும்பிப் போய்ப் பார்த்தபோது இருபத்தெட்டு. நுரை படிந்து தட்டையாகிவிட்டிருந்தது. இரைச்சல் இல்லை. ஜன்னல் அகலத் திறந்தபடி இருந்தது.

அப்போதுதான் வாசலில் சாவி திரும்பும் சத்தம். படகின் ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் தோர்டிஸ் வந்து நின்றாள். அடுத்த நடைக்கு வேறு ஆளை நிறுத்திவிட்டு ஓடி வந்திருக்கிறாள். தொட்டிக்குள் எட்டிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இது என்னது?"

"தொடை" என்றார் ஆர்ன்ஃபின்.

"தெரியுது. பீர் வைக்கச் சொன்னா நீ சூப் வச்சிருக்கே?"

"நாப்பத்து மூணு வந்துடுச்சு தோர்டிஸ். உறையில கிழிசல் ஒண்ணும் இல்ல, நாங்க ரெண்டு பேரும் பார்த்தோம்."

"நாலு தொடை. ஒண்ணு போட்டு நிறுத்தத் தெரியல?" அவள் என் பக்கம் திரும்பினாள். "நீயுமா இருந்தே?"

"நான் கெட்டில்தான் வச்சேன்" என்றேன்.

தொடைகளை ஒவ்வொன்றாக எடுத்து வாஷ்பேசினில் போட்டாள். கழுத்து சிவந்திருந்தது. திட்டப் போகிறாள் என்று நாங்கள் ஒதுங்கி நின்றோம். அவள் தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். "சுன்னிவா கடைக்குச் சொல்லிடுவா" என்றாள், சாதாரணமாக. அதைக் கேட்பதைவிட எனக்குத் திட்டே வாங்கியிருக்கலாம் போலிருந்தது.

நனைந்த காலுறைகளை உருவிப் பிழிந்தாள். வெறுங்காலைத் தரையில் ஊன்றினாள். ஊன்றியவள் எழுந்து நின்று, ஒரு காலை எடுத்துத் தொட்டியை ஒட்டி வைத்தாள். குனிந்து தொட்டிக்கு அடியில் விரலை நுழைத்து உடனே இழுத்துக்கொண்டாள்.

"அடியில அடுப்பு மாதிரி கொதிக்குது."

"கம்பி ஓடுதுல்ல" என்றார் ஆர்ன்ஃபின்.

"மேட்டு வீட்ல கீழ கல்லு. சூட்டைக் குடிச்சுக்கிட்டே இருக்கும். அதுக்குத்தான் மூணு போர்வை. இங்க தரையே சூடு குடுக்குது, அது வெளிய போகாம தொட்டி மூடி வச்சிருக்கு, அதுக்கு மேல நான் மூணு போர்வையும் தோலும் போட்டிருக்கேன்." அவள் எங்களைப் பார்த்தாள். "முட்டாள் நீ இல்ல ஆர்ன்ஃபின், நான். நீ ரெண்டாவது."

அவருக்கு அந்த இடம் போதுமானதாக இருந்தது.

பிறகு அவள் வேகம் பார்க்க வேண்டும். பழைய கட்டிலின் மரச்சட்டங்களை என் வீட்டு ஸ்டோரிலிருந்து கொண்டுவரச் சொன்னாள். கீழ்வீட்டு ஓஸ்லோக்காரரையும் பிடித்து வந்தோம். அறுபது லிட்டரைச் சிந்தாமல் தூக்கிச் சட்டங்களின் மேல் வைத்தோம், தரைக்கும் தொட்டிக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. அவர் உள்ளே பார்த்துவிட்டு, "இதைக் குடிக்கவா போறீங்க?" என்று மரியாதையாகக் கேட்டார். சின்னப் பால் கேன் ஒன்றில் கொதிநீர் நிரப்பி, மூடியை இறுக்கி, தோர்டிஸ் அதைத் தொட்டிக்குள் இறக்கினாள். ஆறினால் எடுத்துவிட்டு மறுபடி கொதிநீர். தரைச் சூட்டைப் பாதியாகக் குறைத்தாள். ஒரே ஒரு கம்பளி. தெர்மாமீட்டரை ஆர்ன்ஃபினிடமிருந்து வாங்கித் தன் பையில் போட்டுக்கொண்டாள்.

முப்பத்தைந்து, முப்பத்தாறு. காதைத் தொட்டியின் பக்கத்தில் ஒட்டவைத்து உட்கார்ந்திருந்தாள், டாக்டர் மாதிரி. நாங்கள் மூன்று பேரும் கதவுக்கு வெளியே பேசாமல் நின்றோம். இன்னொரு கேன் கொதிநீர். சாயங்காலச் செய்தி ஆரம்பிக்கும் நேரத்தில் அவள் கையை உயர்த்தி எங்களை அமைதியாக இருக்கச் சொன்னாள். நாங்கள் ஏற்கெனவே அமைதியாகத்தான் இருந்தோம்.

"இரையுது" என்றாள்.

செவ்வாய் சாயங்காலம் பீரைத் தொட்டியிலிருந்து பீப்பாய்க்கு மாற்றும் நேரம். அதற்கு யாரையும் அழைக்கத் தேவையில்லை, மூக்குள்ளவர்கள் வந்துவிடுவார்கள். முந்தின நாள் படகில் போன பாதிப் பேர் வந்திருந்தார்கள். சூடு என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவர்களால் தூங்க முடியவில்லையாம். பீரை முதலில் தொட்டி இருக்கும் இடத்திலேயே நின்றுதான் ருசி பார்க்க வேண்டும் என்பதால், எல்லோரும் காலணியைக் கழற்றிவிட்டுக் குளியலறைக்குள் நெருக்கியடித்தார்கள். உள்ளே போனவர்கள் வெளியே வர மறுத்தார்கள்.

"நகருப்பா, மத்தவங்க பார்க்கவேண்டாமா?"

"கால் இப்பத்தான் சூடாகுது. மன்றத்துல இந்தத் தரை போடச் சொல்லணும்."

"சோப்பு வாசனை அடிக்குதே தோர்டிஸ்."

"அது பீர் இல்ல, ஹோகுன். நீ கல்யாணத்துக்காகக் குளிச்சிருக்கே, அதான் உனக்குப் புதுசா இருக்கு."

சுன்னிவா கதவோரம் கையில் போனோடு நின்றாள். கடை அடைக்க இன்னும் கொஞ்ச நேரம்தான். ஸ்வெய்னுங் கடைசியாக வந்து, ஷவர் திரையை ஒதுக்கிவிட்டு முன்னால் நின்றார். எங்கள் பக்கம் பீரை யாரும் நன்றாக இருக்கிறது என்று வாயால் சொல்ல மாட்டார்கள். கிண்ணத்தை மறுபடி நீட்டினால் நன்றாக இருக்கிறது. கீழே வைத்துவிட்டு வானிலையைப் பற்றிப் பேசினால் இல்லை.

ஸ்வெய்னுங் ஒரு வாய் குடித்தார். வாயிலேயே வைத்திருந்தார். சுவர் ஓடுகளைப் பார்த்தார். விழுங்கினார்.

"ஆரஞ்சுத் தோல் மாதிரி ஒண்ணு வருது" என்றார். "நம்ம வீட்டு பீர்ல இது வராது."

தோர்டிஸ் கையில் இருந்த அகப்பையிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுந்தது.

"இது உங்க வீட்டு பீர் இல்லையே" என்றாள்.

அவர் கிண்ணத்துக்குள் கொஞ்ச நேரம் பார்த்தார். மீதியைக் குடித்தார். "மழை இன்னிக்கி" என்று ஆரம்பித்தார். தோர்டிஸின் முகம் இறங்கியது. "மழை இன்னிக்கி நிக்காது போல, அப்புறம் எங்க போறது" என்று முடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினார்.

சுன்னிவா நடைக்குப் போய்ப் போனில் பேசினாள். கடை பீர் வேண்டாம் என்று அவள் சொன்னது, காற்றுக்குழாய் இல்லாமலே எங்களுக்குக் கேட்டது.

"எவ்வளவு சூட்ல விட்டே?" என்று ஸ்வெய்னுங் மெதுவாகக் கேட்டார். ஆர்ன்ஃபின் வாயைத் திறந்தார். தோர்டிஸ் அவர் காலை மிதித்தாள், நல்ல காலைத்தான்.

"பால் சூடு" என்றாள். "வேற என்ன?"

அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு நாலு ஆட்டுத்தொடை வெந்தது. செவ்வாய்க்கிழமை இத்தனை கறி எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

சனிக்கிழமை மன்றத்தில் எண்பது பேர். மாப்பிள்ளை வீட்டார் முதலில் ஒயின் பக்கம் சாய்ந்திருந்தார்கள். பிறகு மாப்பிள்ளையின் அப்பா கிண்ணத்தை நீட்டியதும் மற்றவர்களும் நீட்டினார்கள். எங்கள் கல்யாணங்களில் வாழ்த்துரைகள் முடிவதே இல்லை. ஐந்தாவது ஆள் பேசிக்கொண்டிருக்கும்போதே பீப்பாய் காலியாகிவிட்டது. தோர்டிஸ் அதைச் சாய்த்துப் பார்த்தாள். இன்னும் யார் யார் பேச இருக்கிறார்கள் என்று மேஜைகளை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

ஸ்வெய்னுங் பக்கத்தில் வந்து நின்றார். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, கொஞ்சம் நெளிந்தார்.

"வண்டியில ஒரு பீப்பாய் இருக்கு" என்றார். "எதுக்கும் இருக்கட்டும்னு போட்டேன்."

"எதுக்கும்னா எதுக்கு?"

"எதுக்கும்தான்."

தோர்டிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தாள். மேடையில் ஆறாவது ஆள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காகிதத்தைப் பிரித்தார்.

"கொண்டு வா" என்றாள். "இவ்வளவு குடிச்சப்புறம் இவங்களுக்கு வித்தியாசம் தெரியாது."

அவர் சிரித்துக்கொண்டே சாவியைத் தேடினார். பீப்பாய் வந்ததும் முதல் கிண்ணத்தை அவளே ஊற்றி அவர் கையில் கொடுத்தாள்.

"நல்லா சில்லுனு இருக்கா?" என்று கேட்டாள்.